கத்தியின் பதம்

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் வீட்டு முற்றத்தில் நடந்த ஒன்றை இதுவரை நாம் யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. அன்று ஜூன் 17, திங்கட்கிழமை. பெருநாள் தொழுகை முடித்து வந்து, இரண்டு ஆடுகளில் ஒன்றைக் குறையின்றி அறுத்தோம். மற்றது மைத்துனர் வீட்டுக்குரியது. அதைக் கிடத்திக் கிப்லாவின் பக்கம் திருப்பி, பிஸ்மியும் தக்பீரும் சொல்லிக் கத்தியை வைத்து இழுத்தோம். கத்தி அறுக்கவில்லை, வழுக்கியது. மறுபடியும் இழுத்தோம். அந்த வாயில்லா உயிர் நம் முழங்காலுக்கடியில் துள்ளிய துள்ளலை இன்னும் முழங்கால் மறக்கவில்லை. அழுத்தி, அவசரமாக, வேர்த்து விறுவிறுத்து முடித்தோம். காலைப் பிடித்திருந்த மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்ணையில் நின்றிருந்த எட்டு வயது மகள், “அத்தா, கத்தி சரியில்லையா?” என்று கேட்டாள்.

அறுப்பு செல்லும் என்று பள்ளி இமாம் பிறகு சொன்னார். ஆனால் செல்லுமா செல்லாதா என்பதல்ல நம்மை அரித்துக்கொண்டிருந்தது.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கும் ஹதீதை நம்மில் பலர் மதரசாவிலேயே ஓதியிருப்போம். எல்லாவற்றிலும் நன்முறையைக் கடமையாக்கியிருக்கிறான் இறைவன் என்று தொடங்கி, அறுப்பதென்றால் செம்மையாக அறுக்க வேண்டும், கத்தியைக் கூராக்கிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அது. இமாம் நவவீ அவர்கள் தொகுத்த நாற்பது ஹதீதுகளில் பதினேழாவதாக இடம்பெற்றிருக்கிறது. ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரிலேயே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த ஒருவரை நபியவர்கள் கடிந்துகொண்ட செய்தியும் உண்டு. ஓதியிருந்தோம், பொருளும் தெரியும். ஆனால் கத்தியைக் கூராக்கத் தெரியாது. மார்க்கம் ஏவிய ஒரு காரியத்திற்குக் கைத்தொழில் ஒன்று தேவைப்படுகிறது என்பதும், அந்தக் கைத்தொழில் நம் வீட்டிலிருந்து சத்தமின்றிப் போய்விட்டது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

நம் நன்னா உயிரோடிருந்த காலத்தில் இப்படியொரு குறை நேர்ந்ததில்லை. கோவளத்தில் தர்காவுக்குப் போகும் தெருவை அடுத்த சந்தில் அவருடைய வீடு. துல்ஹஜ் பிறை தென்பட்டதும், அஸர் தொழுகைக்குப் பின் கிணற்றடியில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார். கிணற்றடியில் ஒரு சாணைக்கல் பதித்திருந்தது. பல ஆண்டுத் தேய்ப்பில் நடுவில் குழிந்து, ஒரு சிறு தொட்டில் போல இருக்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தீட்டுவார். கடற்காற்றின் இரைச்சலுக்கு மேலாக ‘சர்க், சர்க்’ என்ற ஓசை கேட்கும். ஆடு கட்டியிருக்கும் கொல்லைப்பக்கம் கத்தியைக் கொண்டுபோகவே மாட்டார். அதற்கான காரணத்தை அவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. 1998-இல் நன்னா மறைந்தார். பின்னர் கிணற்றை மூடி ஆழ்துளைக் கிணறு போட்டோம். கல்லும் மண்ணோடு போயிற்று. கத்தி மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி நம் கைக்கு வந்தது.

அக்கத்தியைப் பற்றி வீட்டில் ஒரு கதை வழங்கியது. 1752-ஆம் ஆண்டு கிளைவின் படை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைப் பிடித்ததும், பின்னர் கோட்டை இடிக்கப்பட்டதும் வரலாறு. அந்த இடிபாட்டில் கிடைத்த நவாபுப் படைவீரர் ஒருவரின் வாளை வெட்டிச் செய்ததே நன்னாவின் கத்தி என்பது கதை. அம்மா இதைச் சொல்லும்போது குரல் சற்று உயரும். நாமும் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு.

2024-இல் நாம் செய்த பிழை எளியது. பெருநாளுக்கு முன்தினம், மிதிவண்டியில் சாணைச் சக்கரம் கட்டிக்கொண்டு “சாணை பிடிக்கிறது! கத்தி, அரிவாள்மணை சாணை!” என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் கத்தியைக் கொடுத்தோம். அவர் பொறுமையாகத்தான் தொடங்கினார். அவசரப்படுத்தியவர் நாம். கடைவீதிக்குப் போக வேண்டியிருந்தது. சீக்கிரம் ஆகட்டும் என்றோம். அவர் அழுத்தினார், பொறி பறந்தது, நாம் மகிழ்ந்தோம். கத்தியின் வாய் பளபளத்தது. அதன் ஓரத்தில் ஒரு நெல்மணி அகலத்திற்கு மயில்கழுத்து நீலம் படர்ந்திருந்தது. அழகாயிருக்கிறதே என்றுகூட எண்ணினோம்.

அந்த நீலம் என்னவென்பது ஓராண்டு கழித்துத் தெரிந்தது. கோவளத்திலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையைக் குடைந்த அதே ஊரில் இன்றும் சிற்பக்கூடங்கள் உண்டு. 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக விளங்குகிறது. ஊருக்கு மேற்கே பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் என்று முடிவுபெறாத கோயில்கள் நிற்கின்றன; அவற்றில் உளி விழுந்த தடங்களை விரலால் தடவலாம். நம் வழக்கம்போல் எல்லோரும் சிற்பியைப் புகழ்வோம். உளி கல்லில் பட்டுப் பட்டு மழுங்கும்போதெல்லாம் உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கொடுத்த கொல்லர்களை யார் நினைக்கிறோம்? அந்த வேலை அங்கே இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. மின்சார அறுப்புக் கருவி வந்த பின்னும் கையுளிக்கு நெருப்பு தேவைப்படுகிறது.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் 2025 மே மாதக் கடைசியில் கத்தியை நீட்டினோம். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “பதம் போயிடுச்சு பாய்” என்றார். பிறகு நமக்குப் பாடம் நடந்தது. சிவக்கக் காய்ச்சித் தோய்த்த உருக்கு கண்ணாடி போல் கடினமாகும். அதைச் சற்றே சூடாக்கினால் முறியாத உறுதி கிடைக்கும். அந்தச் சூட்டை நிறம் பார்த்து அளப்பார்கள். முதலில் வைக்கோல் மஞ்சள் ஏறும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். நீலம் வரும்போது வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குப் போயிருக்கும். வாளுக்கும் வில்லுக்கும் அது ஏற்றதாயிருக்கலாம்; கூர்வாய்க்கு ஆகாது, உருக்கு இளகிவிடும். நீர் விடாமல் சக்கரத்தில் அழுத்தினால் முதலில் வேகுவது மெல்லிய வாய்தான். அதனால்தான் முதல் ஆட்டுக்கு உழைத்த கூர் இரண்டாவதற்கு மடங்கிப் போயிற்று.

சர்க்கரைப் பாகுக்கும், சோற்றுக்கும், களிமண்ணுக்கும், உருக்குக்கும் ‘பதம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்ட தமிழரை மெச்ச வேண்டும். எல்லாமே ஒரு கணம் தவறினால் போய்விடுகிறவை.

நவாபு வாள் கதையையும் பெரியவரிடம் சொன்னோம். கத்தியைத் திருப்பி, முதுகைச் சுண்டிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். “லாரி வில்பட்டை. நல்ல இரும்புதான், பயப்படாதீங்க” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. இன்னும் சொல்லவில்லை.

வாள் நம்முடையதல்ல என்றாலும், உருக்கின் பெருமை இந்த மண்ணுக்குரியதே. கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. இலங்கையின் சமனலவெவ மலைச்சரிவில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளை 1990-களில் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். இந்திய உருக்கால் ஆன வாளுக்கு அரபுக்கள் ‘முஹன்னத்’ என்றே பெயரிட்டார்கள். மின்சார ஆய்வுகளால் பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் அமர்ந்து இந்த உருக்கின் இரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கொல்லர் ஒருவரின் மகன். இவ்வளவு பெயர் பெற்ற நாட்டில் ஒரு கறிக்கத்தியைத் தீட்டத் தெரியாமல் நாம் உட்கார்ந்திருந்தோம்.

பெரியவர் திரும்ப உலையில் வைத்துப் பதம் ஏற்றித் தர முன்வந்தார். ஆனால் நீலம் வாயோரத்தோடு நின்றிருக்கிறது, அதை மட்டும் தேய்த்துக் களைந்துவிட்டால் உள்ளே நல்ல இரும்பு இருக்கிறது என்றும் சொன்னார். “கையால தேய்ங்க. தண்ணி விட்டுத் தேய்ங்க. நேரமாகும்.” கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கடையில் கல் வாங்கினோம். எட்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம்; ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. கடைக்காரர் இதைக் ‘கார்பரண்டம் கல்’ என்றார். அந்தப் பெயரில் நம் சொல் ஒளிந்திருப்பதைக் கண்டு வியந்தோம். வைரத்திற்கு அடுத்த கடினமுள்ள கனிமத்தைத் தமிழில் குருந்தம் என்பார்கள். ஆங்கிலேயர் அதைக் ‘கொரண்டம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். 1891-இல் அமெரிக்கர் அச்சிசன் தம் உலையில் புதிய பொருளொன்றைக் கண்டு, கார்பனும் கொரண்டமும் கலந்தது என்று தவறாக எண்ணிக் ‘கார்பரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அதில் குருந்தம் இல்லை. அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் நாட்டில் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள்.

கத்தியை ஒரு பிளவில் வைத்து இழுத்தால் போதும் என்று கடைக்காரர் வேறொரு கருவியையும் காட்டினார். அது இரும்பைச் சுரண்டி எடுக்குமே தவிரத் தீட்டாது என்பது நம் கருத்து. வாங்கவில்லை.

துல்ஹஜ் பிறை பார்த்த மறுநாள் மாலை வேலையைத் தொடங்கினோம். முதல் மாலைக்கு வேண்டியிருந்தது கையைவிடத் துணிவுதான். நீலத்தைக் களைய வேண்டுமானால் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கிற கொஞ்சக் கூரையும் கல்லில் தேய்த்து ஒழிக்க வேண்டும். நன்னாவின் கத்தியை நாமே முழு மொட்டையாக்கினோம். ஈரச் சாக்கின் மேல் கல், அருகில் ஒரு சொம்புத் தண்ணீர். கரும்சாந்து போல் இரும்புத் துகள் வழிந்தது. இஷா பாங்கு கேட்கும்போது நீலம் இன்னும் பாதி இருந்தது. இரண்டாம் மாலையில்தான் அது மறைந்தது; அப்போது கத்தியின் வாய் ஒரு நாணயத்தின் விளிம்பு போலிருந்தது. உள்ளே வந்து பார்த்த மனைவி, “இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்” என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி.

மூன்றாம் மாலை சரிவு வைக்கும் வேலை. ஒன்றரை அங்குல அகலமுள்ள கத்தியின் முதுகை அரை அங்குலம் தூக்கிப் பிடித்தால் கல்லுக்கும் கத்திக்கும் இடையே ஏறத்தாழ 20 பாகைக் கோணம் கிடைக்கும். சுண்டுவிரல் கனம் என்று கொள்ளலாம். கோணம் சரிதானா என்று அறிய ஒரு தந்திரம் செய்தோம். முகவரி எழுதும் தடித்த மைப்பேனாவால் வாயோரம் முழுவதும் கறுப்புக் கோடு இட்டு, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தோம். மை விளிம்பில் அழிந்தால் கோணம் அதிகம். மேலே அழிந்து விளிம்பில் நின்றால் குறைவு. எழுத்து வேலை செய்கிற கைக்கு மையினால் இப்படியும் ஓர் உதவி கிடைத்தது. ஆனால் மை சரியாக அழிந்தும் கூர் வரவில்லை. ஐந்து இழுப்பு இந்தப் பக்கம், ஐந்து இழுப்பு அந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரம் தேய்த்தோம். காகிதத்தில் வைத்தால் கிழித்தது, அறுக்கவில்லை.

மறுநாள் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு மீன் வாங்கப் போனோம். கோவளக் கரையில் ஒருபுறம் தர்கா, சற்றுத் தள்ளிக் கார்மேல் மாதா கோயில், நடுவே மணலில் வரிசையாக அரிவாள்மணைகள். பல ஆண்டுகளாக நமக்கு வஞ்சிரம் அரிந்து தரும் அக்கா ஒருவர் அந்த வரிசையில் இருக்கிறார். நாளொன்றுக்கு அவர் மணையில் எத்தனை கூடை மீன் போகிறது! தயங்கித் தயங்கிக் கத்தியைக் காட்டினோம்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வாயின் குறுக்காக, மேலிருந்து வெளியே போகும்படி தடவினார். “மாத்தி மாத்தித் தேய்ச்சீங்களா?”

ஆம் என்றோம்.

“அதான். ஒரு பக்கமே தேய்ங்க பாய். அந்தப் பக்கம் பிசிறு எழும்பற வரைக்கும் திருப்பாதீங்க. பிசிறு வரலைன்னா கல்லு வாய்க்கு வரலைன்னு அர்த்தம். நீங்க பாதி வழியிலேயே திரும்பிடறீங்க.”

பேசிக்கொண்டே நம் மீனை அரிந்து முடித்துவிட்டார்.

நான்காம் மாலை ஒரு பக்கமே தேய்த்தோம். இருபது, நாற்பது, அறுபது. மறுபக்கத்தை விரலால் தடவியபோது, பிடியருகில் மட்டும் மெல்லிய முள் போல ஏதோ தட்டுப்பட்டது. நடுவில் இல்லை, முனையில் இல்லை. நடுவைத் தேய்த்தோம். முனைக்கு வரும்போது கையைச் சற்று உயர்த்த வேண்டும் என்று கையே கண்டுகொண்டது. மஃரிபுக்குச் சற்று முன் பிடி முதல் முனை வரை பிசிறு ஒரே இழையாக எழுந்தது. பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அவ்வாறே. பின்னர் கல்லின் நைசுப் பக்கத்தில் வரவர அழுத்தத்தைக் குறைத்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் படும்படி மாற்றி மாற்றி இழுத்தோம். எஞ்சிய பிசிறைப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்னே வர முதுகு முன்னே போக, இழுத்து நீக்கினோம். விளக்கின் கீழ் வாயை நேராகப் பார்த்தபோது வெள்ளைக் கோடு எதுவும் தெரியவில்லை. மழுங்கிய வாய்தான் ஒளியைத் திருப்பும்; கூரான வாய் கண்ணுக்குப் படாது.

பழைய நாளிதழ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். கத்தியை வைத்தோம். தாள் இரண்டாகக் கீழே விழும் வரை அவள் அது அறுபட்டதை அறியவில்லை.

அரபியில் ஹதீத் என்றால் இரும்பு. கூர்மையானது என்பதும் அதே சொல்தான். கண்பார்வை கூர்மையாவதைக் குறிக்கவும் குர்ஆனில் அச்சொல் வந்திருக்கிறது. தமிழிலோ கத்தியையும் தீட்டுகிறோம், அரிசியையும் தீட்டுகிறோம், ஓவியத்தையும் தீட்டுகிறோம். நான்கு மாலை கல்லின் முன் உட்கார்ந்தவனுக்குச் சொற்கள் இப்படி ஒவ்வொன்றாகத் தேடி வந்தன.

2025 ஜூன் 7, சனிக்கிழமை, பெருநாள். ஆடு கொல்லையில் கட்டியிருந்தது. அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கத்தியைத் துணிக்குள் மறைத்தே கொண்டுபோனோம். மைத்துனர் சென்ற ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் காலைப் பிடித்தார். பிஸ்மி, தக்பீர். நம் பங்கு ஒரே இழுப்பில் முடிந்துவிட்டது. துள்ளலுக்காக இறுக்கி வைத்திருந்த முழங்காலுக்கு அழுத்த ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் பலரும் பங்குத் தொகையைக் கட்டிவிட்டு இறைச்சிப் பையை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. 2024-க்குப் பின் நாமும் அதைத்தான் எண்ணியிருந்தோம்.

கத்தியை வெந்நீரில் கழுவி, உடனே துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தோம். இந்த உப்புக்காற்றில் ஈரத்தோடு ஓர் இரவு விட்டாலும் முதலில் துரு தின்பது புதுக்கூரைத்தான்.

பெருநாளின் நான்காம் நாள் கரைக்குப் போனபோது கல்லையும் எடுத்துக்கொண்டு போனோம். அக்கா அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, மணலில் கவிழ்த்து நிறுத்தி, தம் அரிவாள்மணையின் வாயை அதில் வைத்துப் பார்த்தார். உள்வளைந்த வாய் தட்டைக் கல்லில் உட்காரவில்லை. “இது உங்க கத்திக்குத்தான் ஆகும் பாய்” என்று சிரித்துத் திருப்பித் தந்துவிட்டு, மடியிலிருந்து முட்டை வடிவக் கல் ஒன்றை எடுத்து, மணையை அசைக்காமல் கல்லை மட்டும் வாயோடு ஓட்டத் தொடங்கினார். மகள் அவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்துகொண்டாள்.